இந்தியா ஒரு காலத்தில் தெற்கு அரைக்கோளத்தில் இருந்தது எப்படித் தெரிந்தது? தோற்றுப்போன ஒரு கொள்கையில் தொடங்கிய கதை

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் நின்று மொபைலில் காம்பஸ் ஆப்பைத் திறந்தால், வடக்கு எது என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். போனுக்குள் இருக்கும் சின்ன காந்த சென்சார் பூமியின் காந்தப்புலத்தைப் படித்துச் சொல்லும் பதில் அது. ஆனால், அது இன்றைய வடக்கு. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா எங்கே இருந்தது என்று கேட்டால் போனிடம் பதில் கிடையாது.

பாறைகளிடம் இருக்கிறது. எரிமலைக் குழம்பு இறுகிக் கல்லாகும்போது, அந்த நேரத்து வடக்கு எந்தப் பக்கம் என்பது அந்தக் கல்லுக்குள் பதிந்துவிடுகிறது. அதைப் படிக்கும் அளவுக்கு நுட்பமான கருவி ஒன்றை 1940களின் இறுதியில் ஒருவர் உருவாக்கினார். ஆனால், அவர் அதைச் செய்தது பாறைகளுக்காக இல்லை. வேறு ஒரு கொள்கையை நிரூபிப்பதற்காக. அந்தக் கொள்கை தோற்றது, கருவி மிஞ்சியது. இந்தியா 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்து வந்த கதை வெளியே வந்ததில் அந்தக் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் பெயர் பேட்ரிக் பிளாக்கெட். நோபல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர். நேருவுக்கு நண்பர், ஆலோசகர். யார் இவர்?

போர்க்கப்பலில் இருந்து ஆய்வகத்துக்கு

பிளாக்கெட் 1897 நவம்பர் 18 அன்று லண்டனில் பிறந்தார். சின்ன வயதிலேயே கடற்படைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது வயது 16தான். அந்த ஆண்டு டிசம்பரில் ஃபாக்லாந்து தீவுகள் அருகே நடந்த கடற்போரிலும், 1916இல் ஜட்லாந்து கடற்போரிலும் கலந்துகொண்டார். காலேஜ் போகவேண்டிய வயதில் அவர் பார்த்தது பீரங்கியும் பிணங்களும்.

போர் முடிந்ததும், படிப்பு பாதியில் நின்றுபோன இளம் அதிகாரிகளைக் கடற்படை சில மாதங்களுக்கு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 1919 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்த பிளாக்கெட், கேவண்டிஷ் ஆய்வகத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளிலேயே கடற்படை வேலையை ராஜினாமா செய்துவிட்டார். அதன்பிறகு அவருடைய வாழ்க்கை இயற்பியல்தான்.

அங்கே எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். அணுக்கள் மோதிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதை 'மேக அறை' என்ற கருவியில் போட்டோ எடுக்க வேண்டும். பிளாக்கெட் சுமார் 23,000 போட்டோக்கள் எடுத்தார். அவற்றில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட துகள் தடங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்ததில், அவர் தேடியது எட்டே எட்டு இடங்களில் கிடைத்தது. நைட்ரஜன் அணு ஆக்ஸிஜனாக மாறும் காட்சி அது. 1925இல் அதை வெளியிட்டார்.

நான்கு லட்சத்தில் எட்டு. இந்தப் பொறுமை பின்னால் பாறைகளிடம் போனபோதும் அவருக்குக் கைகொடுத்தது.

1932-33இல் இத்தாலிய விஞ்ஞானி ஜூசெப்பே ஒக்கியாலினியுடன் சேர்ந்து, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களே தங்களைத் தாங்களே போட்டோ எடுத்துக்கொள்ளும்படி மேக அறையை மாற்றி அமைத்தார். எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் உண்மையில் இருக்கிறது என்பதை உறுதிசெய்ததில் அந்த ஆய்வு முக்கியமானது. இந்தப் பணிகளுக்காக 1948இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

டேட்டாவை வைத்து நடத்திய போர்

நடுவில் இன்னொரு போர். இரண்டாம் உலகப் போரில் பிளாக்கெட் துப்பாக்கி எடுக்கவில்லை, கணக்கு எடுத்தார். இன்று டெலிவரி ரூட் முதல் விமான டிக்கெட் விலை வரை பயன்படும் 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்' துறையை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

ஒரு உதாரணம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் மீது விமானங்கள் வீசும் வெடிகள், 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி செட் செய்யப்பட்டிருந்தன. அவருடைய குழு தாக்குதல் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. விமானம் வரும் நேரத்தில் பெரும்பாலான நீர்மூழ்கிகள் மேல்மட்டத்திலோ, அப்போதுதான் முங்கத் தொடங்கிய நிலையிலோ இருந்தன. 100 அடியில் வெடித்து என்ன பயன்? ஆழத்தை 25 அடி அளவுக்குக் குறைத்தார்கள். அதே வெடி, அதே விமானம். தாக்குதலின் பலன் பல மடங்கு கூடியது.

இன்னொன்று, சரக்குக் கப்பல் கூட்டங்கள். சின்னச் சின்னக் கூட்டங்களாகப் போவதுதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கணக்கு நேர் எதிராகச் சொன்னது. கூட்டம் பெரிதானால், மூழ்கும் கப்பல்களின் விகிதம் குறைந்தது. எல்லோரும் நம்புகிறார்கள் என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது என்பதை அவர் அலுவலகக் காகிதங்களிலேயே பார்த்தார். சீக்கிரமே அதே பாடம் அவருடைய சொந்தக் கொள்கைக்கும் வந்தது.

ஒரு அழகான கொள்கை

போர் முடிந்து மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிளாக்கெட்டைப் பழைய கேள்வி ஒன்று பிடித்துக்கொண்டது. பூமிக்கு ஏன் காந்தப்புலம் இருக்கிறது?

இன்று பள்ளிப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. பூமியின் வெளி மையத்தில் உருகிய இரும்பு சுழன்று ஓடுகிறது. அது ஒரு டைனமோ போல வேலை செய்கிறது. ஆனால், 1947இல் அது உறுதியாகியிருக்கவில்லை. அப்போது பிளாக்கெட் கண்ணில் ஒரு ஒற்றுமை பட்டது. பூமி, சூரியன், அப்போதுதான் காந்தப்புலம் அளக்கப்பட்டிருந்த 78 விர்ஜினிஸ் என்ற நட்சத்திரம் ஆகிய மூன்றிலுமே, சுழற்சியின் அளவும் காந்தத்தின் அளவும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் பொருந்தின.

அப்படின்னா, சுழலும் எந்தப் பெரிய பொருளும் தானாகவே காந்தமாகிவிடும் என்று இயற்கையில் ஒரு புதிய விதி இருக்கலாமா? இருந்தால், ஈர்ப்பு விசையையும் மின்காந்தத்தையும் இணைக்கும் கதவு அது. ஐன்ஸ்டைன் உட்பட பலர் தேடிக்கொண்டிருந்த கதவு. 1947 மே மாதம் பிளாக்கெட் இதை அறிவித்தபோது பத்திரிகைகள்கூடப் பரபரத்தன.

15 கிலோ தங்கமும் ஒரு மரக் குடிசையும்

கொள்கையைச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. அதைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்.

பூமியோடு சேர்ந்து சுழலும் எல்லாப் பொருளும் மிக மிகச் சிறிய அளவில் காந்தமாக இருக்க வேண்டும் என்பது கொள்கையின் ஒரு விளைவு. அதைப் பார்க்க, அடர்த்தி அதிகமான, சாதாரண காந்தத்தன்மை இல்லாத ஒரு பொருள் தேவை. தங்கம்தான் பொருத்தம். தி. நகரில் இருப்பவர்களுக்கு 15 கிலோ தங்கம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. பிளாக்கெட் அதை பிரிட்டிஷ் அரசின் கையிருப்பில் இருந்து கடனாக வாங்கினார். பத்து சென்டிமீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட உருளையாக அதைச் செய்தார்கள்.

அடுத்தது கருவி. பூமியின் காந்தப்புலத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான புலத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய காந்தமானி அவருக்குத் தேவைப்பட்டது. சந்தையில் அப்படி ஒன்று இல்லை. தானே வடிவமைத்தார். எதிரெதிராகப் பூட்டிய சிறு காந்தங்களை மெல்லிய இழையில் தொங்கவிடும் அமைப்பு அது. பூமியின் புலம் இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால் ரத்தாகிவிடும். பக்கத்தில் வைக்கும் பொருளின் மெல்லிய காந்தம் மட்டும் இழையைத் திருப்பும். நகரத்தின் இரைச்சல் எட்டாத ஜோட்ரல் பேங்க் வயலில், காந்தப் பொருள் கலக்காத ஒரு மரக் குடிசையில் அதை வைத்தார்.

பதில் வந்தது. தங்கம் காந்தமாகவில்லை. கொள்கை சொன்ன அளவில் ஒன்றுமே இல்லை.

அதே சமயம் மான்செஸ்டரில் அவருடைய துறையைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் கீத் ரன்கார்ன், நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கி, ஆழத்துக்கு ஏற்பக் காந்தப்புலம் எப்படி மாறுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். அந்த அளவுகளும் கொள்கைக்கு எதிராகத்தான் வந்தன.

நோபல் பரிசு வாங்கிய ஒருவர் ஏதாவது சாக்கு சொல்லியிருக்கலாம். கருவி சரியில்லை, இன்னும் பெரிய உருளை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கலாம். பிளாக்கெட் அப்படிச் செய்யவில்லை. 1952இல் ராயல் சொசைட்டி இதழில் நீளமான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அது எதிர்மறை முடிவு தந்த சோதனை என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார். ஐந்து ஆண்டு உழைப்பு அதோடு மூடப்பட்டது.

தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. உலகின் மிக நுட்பமான காந்தமானிகளில் ஒன்று மேஜை மேல் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது?

பாறை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது?

எரிமலைக் குழம்பில் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் நுண்துகள்கள் இருக்கும். சூடாக இருக்கும்வரை அவற்றுக்கு நிலையான காந்தத் திசை கிடையாது. பாறை ஆறி, சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் அவை காந்தமாகிவிடும். அப்புறம் பாறை எங்கே நகர்ந்தாலும், திரும்பினாலும், உள்ளே இருக்கும் திசை மாறாது. மணற்கல்லிலும் இப்படித்தான், தண்ணீரில் படியும் இரும்புத் துகள்கள் காந்தத் திசையைப் பிடித்துக்கொள்கின்றன.

இதில் வடக்கு எந்தப் பக்கம் என்பது ஒரு தகவல். அதைவிட முக்கியமானது சாய்வு. காந்த ஊசியை எல்லாப் பக்கமும் சுழலும்படி தொங்கவிட்டால், அது வடக்கைக் காட்டுவதோடு மேலேயோ கீழேயோ சாயும். பூமத்திய ரேகை அருகே ஊசி படுத்திருக்கும். வட துருவத்தை நோக்கிப் போகப்போக வடமுனை கீழே குத்தும். துருவத்தில் செங்குத்தாக நிற்கும். தெற்கு அரைக்கோளத்தில் நேர் எதிர். வடமுனை வானத்தைப் பார்க்கும்.

காந்தப் பூமத்திய ரேகை இப்போது தென் தமிழகத்தை ஒட்டித்தான் போகிறது. அதனால் சென்னையில் ஊசியின் சாய்வு சுமார் பத்து டிகிரிதான். கிட்டத்தட்ட படுத்த நிலை. லண்டனில் அதே ஊசி 60 டிகிரிக்கு மேல் குத்தி நிற்கும்.

ஆக, ஒரு பழைய பாறையில் உறைந்திருக்கும் சாய்வை அளந்தால், அது உருவானபோது எந்த அட்சரேகையில் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு வரம்பும் உண்டு. கிழக்கு மேற்காக எவ்வளவு நகர்ந்தது என்பதை இந்த முறையால் நேரடியாகச் சொல்ல முடியாது. ஒரு கல்லும் போதாது. காந்தப்புலம் சில நூறு, சில ஆயிரம் ஆண்டுகளில் கொஞ்சம் அலையும் என்பதால், பல அடுக்குகளில் இருந்து நிறையக் கற்களை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பாறைகளின் காந்தம் மிக மிக மெல்லியது. அதை அளக்க அதிநுட்பக் கருவி வேண்டும். தங்கத்துக்காகச் செய்த கருவி இங்கே கச்சிதமாகப் பொருந்தியது.

பிளாக்கெட்டின் குழுவில் இருந்த ஜான் கிளெக், மேரி ஆல்மண்ட், பீட்டர் ஸ்டப்ஸ் ஆகியோர் இங்கிலாந்தின் சிவப்பு மணற்கற்களில் தொடங்கினார்கள். 20 கோடி ஆண்டுகளுக்கும் பழைய கற்கள் அவை. 1954இல் முடிவு வெளியானது. கற்கள் காட்டிய வடக்கு, இன்றைய வடக்கில் இருந்து 30 டிகிரிக்கு மேல் விலகி இருந்தது. சாய்வும் குறைவு. அதாவது, இங்கிலாந்து வெப்பமண்டலத்துக்குப் பக்கத்தில் இருந்து மேலே வந்திருக்கிறது. வரும் வழியில் திரும்பியும் இருக்கிறது.

ஏன் இந்தியா?

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெகனர் 1912இலேயே சொல்லிவிட்டார். பெரும்பாலான புவியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய கண்டத்தை எந்த விசை தள்ளும் என்ற கேள்விக்கு அவரால் சரியான பதில் தர முடியவில்லை. 1930இல் கிரீன்லாந்து பனியில் அவர் இறந்தார், கொள்கையும் ஓரங்கட்டப்பட்டது.

வெகனரின் வரைபடத்தில் மிக அதிக தூரம் பயணித்த நிலப்பகுதிகளில் ஒன்று இந்தியா. அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்காவோடு ஒட்டியிருந்து, பிரிந்து, கடலைக் கடந்து ஆசியாவில் மோதியது என்றார். இங்கிலாந்து கொஞ்சம் திரும்பியதை வேறு காரணம் சொல்லித் தள்ளிவிடலாம். இந்தியா தெற்கு அரைக்கோளத்தில் இருந்ததாகப் பாறைகள் சொன்னால் அப்படித் தள்ள முடியாது. கொள்கை நிற்குமா விழுமா என்பதைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இதை முதலில் பிடித்தவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த டெட் இர்விங். இந்தியாவோடு நெருங்கிய தொடர்பு வைத்திருந்த புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷரின் உதவியால், தக்காண எரிமலைப் பாறைகள் சில அவர் கைக்கு வந்தன. சிதறிக் கிடக்கும் திசைகளில் இருந்து நம்பகமான சராசரியை எடுக்கும் கணித முறையை 1953இல் வெளியிட்டவரும் இதே ஃபிஷர்தான். இர்விங்கின் கற்கள் இந்தியா வெகுதூரம் வடக்கே வந்திருப்பதைக் காட்டின. ஆனால், 1954இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்கவில்லை. பட்டம் கிடைக்காமலே ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குக் கிளம்பினார். பின்னாளில் உலகின் முன்னணிப் பாறைக் காந்தவியலாளர்களில் ஒருவரானார் என்பது வேறு கதை.

தக்காணம் சொன்ன சாட்சி

1953இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு மாறிய பிளாக்கெட், தன் குழுவை இந்தியப் பாறைகள் பக்கம் திருப்பினார். கிளெக், எர்ன்ஸ்ட் டாய்ச், கிரிஃபித்ஸ் ஆகியோர் தக்காணப் பாறைகளைப் பெரிய அளவில் ஆராய்ந்து 1956இல் முடிவை வெளியிட்டார்கள். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இதற்கென்று ஒரு குழு உருவானது. அங்கிருந்த ராதாகிருஷ்ணமூர்த்தி, சகஸ்ரபுத்தே ஆகியோர் கிளெக்குடன் சேர்ந்து, இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ராஜ்மகால் எரிமலைப் பாறைகளின் அளவீட்டை 1958இல் வெளியிட்டார்கள்.

தக்காணப் பாறைகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகள் பழையவை. டைனோசர்கள் அழிந்த காலம். இன்று அந்த இடங்களில் ஊசியின் வடமுனை லேசாகக் கீழே சாயும். பாறைக்குள் உறைந்திருந்த ஊசியோ, சுமார் 45 டிகிரி வானத்தை நோக்கி இருந்தது. கணக்குப் போட்டால், தக்காணம் அப்போது தெற்கே கிட்டத்தட்ட 30 டிகிரி அட்சரேகையில் இருந்திருக்கிறது.

இன்னும் பழைய ராஜ்மகால் பாறைகளுக்கு வயது சுமார் 11.7 கோடி ஆண்டுகள். அவை இன்னும் தெற்கே, 45 டிகிரிக்குப் பக்கத்தில் உருவானவை. பழைய பாறை அதிக தெற்கில், புதிய பாறை குறைந்த தெற்கில். ஒரே திசையில் நடந்த ஒரு நீண்ட பயணத்தின் இரண்டு மைல்கற்கள் போல.

தக்காணத்தில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. சில அடுக்குகளில் காந்தத் திசை அப்படியே தலைகீழாக இருந்தது. பூமியின் வட, தென் காந்தத் துருவங்கள் அவ்வப்போது இடம் மாறிக்கொள்ளும். கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. நேரான அடுக்கும் தலைகீழ் அடுக்கும் கிட்டத்தட்ட நேர் எதிர்த் திசைகளைக் காட்டியதால், கல்லுக்குள் இருப்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட காந்தம் அல்ல என்ற நம்பிக்கை கூடியது.

தெற்கே 30 டிகிரியில் இருந்து வடக்கே 20 டிகிரி வரை. மொத்தம் 50 டிகிரி, அதாவது சுமார் 5,500 கிலோமீட்டர். சராசரி வேகம் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர். நகம் வளர்வதைவிட இரண்டு மடங்கு வேகம். கண்டத்துக்கு இது லேசுப்பட்ட வேகம் இல்லை. இடைப்பட்ட ஒரு கட்டத்தில் அது ஆண்டுக்கு 15 சென்டிமீட்டரையும் தாண்டியது. இவ்வளவு வேகமாக வந்து ஆசியாவில் மோதியதால் எழுந்ததுதான் இமயமலை.

சரி, சென்னை அப்போது எங்கே?

தக்காண எரிமலைகள் கொதித்த காலத்தில், இன்று மயிலாப்பூரும் அடையாறும் இருக்கும் நிலம் தக்காணத்தைவிடவும் தெற்கே இருந்தது. இன்றைக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தும் சிட்னியும் இருக்கும் அட்சரேகைகளின் பக்கம்.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கும் கருநிறக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து, புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் வைத்த பெயர் அது. அந்தக் கல்லறைக்குக் கல் போனது சென்னைப் பக்கத்தில் இருந்துதான். சார்னோகைட் வகைப் பாறைகள் கிழக்கு அண்டார்டிகாவிலும் பரவிக் கிடக்கின்றன. ஒட்டியிருந்த இரண்டு நிலங்களின் பழைய உறவுக்கு அதுவும் ஒரு அடையாளம்.

அப்படின்னா, பிளாக்கெட்டின் குழு பரங்கிமலைக் கல்லையே அளந்திருக்கலாமே? சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள இந்தக் கல், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. திரும்பச் சூடானால் பழைய காந்தப் பதிவு அழிந்து புதிது பதிந்துவிடும். எந்தப் பதிவு எந்தக் காலத்தது என்று பிரிப்பது கஷ்டம். ஒரே முறை கொட்டி, ஆறி, அப்படியே தட்டையாகக் கிடக்கும் தக்காண அடுக்குகள்தான் அதைவிடத் தெளிவான சாட்சி.

மொபைல் போன் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் இந்தப் பயணத்தின் தடயம் இருக்கிறது. கோண்டுவானா காலத் தாவரங்களின் புதைபடிவங்கள் அங்கே உள்ள மண்ணடுக்குகளில் கிடைத்துள்ளன. இந்தியா தன் தெற்கத்திய சொந்தங்களைப் பிரியத் தொடங்கிய காலத்தை ஒட்டியவை அவை.

லெமூரியா என்ன ஆனது?

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு கிளை உண்டு. 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிலேட்டர், இந்தியாவுக்கும் மடகாஸ்கருக்கும் இடையே ஒரு கண்டம் மூழ்கியிருக்க வேண்டும் என்றார். லெமூர் இன விலங்குகள் இரண்டு பக்கமும் எப்படி வந்தன என்பதை விளக்க அவர் போட்ட ஊகம் அது. அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் தமிழகத்தில் குமரிக் கண்டம் பற்றிய எழுத்துகளோடு அது கலந்தது.

கண்டங்கள் அசையாது என்று நம்பிய காலத்தில், கடலுக்கு அப்பால் ஒரே மாதிரி உயிரினங்கள் இருந்தால் நடுவில் ஒரு நிலம் மூழ்கியது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. பாறைகளின் காந்தம் அந்த நிலைமையை மாற்றியது. நடுவில் நிலம் மூழ்கத் தேவையில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக இருந்து பிரிந்தன. சங்க இலக்கிய மரபு சொல்லும் கடல்கோள்கள் தனி விஷயம். பனியுகம் முடிந்தபோது கடல் மட்டம் உயர்ந்து கரையோர நிலங்களை விழுங்கியது உண்மைதான். அது சில ஆயிரம் ஆண்டுகளின் கதை; கண்டங்களின் பயணம் கோடி ஆண்டுகளின் கதை.

உலகம் உடனே நம்பியதா?

இல்லை. கற்களின் காந்தம் கோடி ஆண்டுகள் மாறாமல் இருக்கும் என்பதை எப்படி நம்புவது என்று பல பெரிய புவி இயற்பியலாளர்கள் கேட்டார்கள். கண்டம் நகரவில்லை, துருவம்தான் அலைந்தது என்று சிலர் சொன்னார்கள். ரன்கார்னே ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தார். ஐரோப்பியப் பாறைகளும் அமெரிக்கப் பாறைகளும் துருவத்துக்கு வெவ்வேறு பாதைகளைக் காட்டின. ஒரே துருவம் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. 1956 வாக்கில் ரன்கார்னும் பக்கம் மாறினார்.

பிளாக்கெட் அவசரப்படவில்லை. காந்தம் சொல்வதை வேறு சாட்சிகளோடு ஒப்பிட்டார். பழைய பாலைவன மணல், உப்புப் படிவு, பவளப் பாறை, பனிப்பாறை தேய்த்த தடம் போன்றவை ஒரு நிலம் எந்த வானிலையில் இருந்தது என்று காட்டும். அந்த வானிலையும் காந்தம் சொல்லும் அட்சரேகையும் பெரும்பாலும் ஒத்துப்போயின. 1964இல் எட்வர்ட் புல்லார்ட், ரன்கார்ன் ஆகியோருடன் சேர்ந்து, கண்ட நகர்வு பற்றி ராயல் சொசைட்டியில் பெரிய கருத்தரங்கு நடத்தினார். ஓரங்கட்டப்பட்ட கொள்கை மறுபடி பெரிய மேடைக்கு வந்தது.

கடைசித் தள்ளு கடலடியில் இருந்து வந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் காந்த அளவீடுகளை வைத்து, கடல் தரை நடுவில் பிளந்து புதிதாக விரிகிறது என்று ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மாத்யூஸ் இருவரும் 1963இல் விளக்கினார்கள். 1960களின் இறுதிக்குள் கண்டத்தட்டுக் கொள்கை புவியியலின் அடித்தளமாகிவிட்டது. வெகனருக்குக் கிடைக்காத பதிலும் அதில் இருந்தது. கண்டம் கடல் தரையைக் கிழித்துக்கொண்டு போகவில்லை; கடல் தரையும் கண்டமும் ஒரே தட்டாகச் சேர்ந்து நகர்கின்றன.

இந்தியாவோடு இருந்த உறவு

பிளாக்கெட்டுக்கு இந்தியா கற்கள் கிடைக்கும் இடம் மட்டும் இல்லை. 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, டெல்லியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வந்தவர் நேருவைச் சந்தித்தார். புதிய நாட்டின் பாதுகாப்புத் துறையை எப்படி அமைப்பது என்று நேரு அவரிடம் ஆலோசனை கேட்டார். 1948இல் பிளாக்கெட் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகும் பலமுறை வந்தார். ஹோமி பாபா உள்ளிட்ட விஞ்ஞானிகளோடு நெருக்கமாக இருந்தார்.

அணுகுண்டை நம்பிப் பாதுகாப்புக் கொள்கை வகுப்பதை அவர் எதிர்த்தார். சொந்த நாட்டிலேயே அதற்காக விமர்சனம் வாங்கினார். பணக்கார நாடுகளின் அறிவியல் ஏழை நாடுகளுக்கும் பயன்பட வேண்டும் என்பதைக் கடைசிவரை வலியுறுத்தினார். 1965 முதல் 1970 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார். 1974 ஜூலை 13 அன்று லண்டனில் காலமானார்.

அவர் கனவு கண்ட இயற்கை விதி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்தக் கனவு தவறு என்று காட்டிய கருவி, வேறொரு பெரிய உண்மைக்கு வழி திறந்தது. தோல்வியை மூடி மறைத்திருந்தால், அவர் பாறைகள் பக்கம் திரும்பியிருக்கவே மாட்டார்.

இந்தியத் தட்டு இன்னும் நிற்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வீதம் வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. பிளாக்கெட் இறந்த நாளில் இருந்து இன்றுவரை, மயிலாப்பூர் தெப்பக்குளமும் தி. நகர் கடைகளும் எலியட்ஸ் பீச்சும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு ஆட்டோவின் நீளம் தள்ளிப் போயிருக்கின்றன.